பெடல் பஞ்சு மாதிரி இறங்குகிறதா? பழைய ஹாட் ஹேட்ச்சின் பிரேக்கை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

என்னுடைய கார் ஒரு ஸ்விஃப்ட் ஸ்போர்ட், சின்ன உடம்பில் வேக எஞ்சின் வைத்த 'ஹாட் ஹேட்ச்' வகை. 1.6 லீட்டர் எஞ்சினோடு 2005இல் வெளிவந்த மொடல். வாங்கி மூன்றாவது வாரம், காலி வீதியில் வெள்ளவத்தைச் சந்தையடியில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. நானும் அடித்தேன். கார் நின்றுவிட்டது. ஆனால் பெடல் வழக்கமாக நிற்கிற இடத்தைத் தாண்டி, இன்னும் இரண்டு விரல் கீழே போய்த்தான் பிடித்தது. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மூன்று இடத்தில் காட்டினேன். ஒருவர் "மாஸ்டர் போயிட்டுது" என்றார், பெடலை அமத்தும்போது ஒயிலை டயர்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைத்தான் சொன்னார். இன்னொருவர் "எயார் எடுத்தாச் சரி" என்றார், அதாவது குழாயில் மாட்டிய காற்றை வெளியேற்றுவது. மூன்றாமவர் "இந்த மொடல் அப்படித்தான் தம்பி" என்றார். மூவரும் பெடலை ஒருதரம் அமத்திப் பார்த்ததோடு சரி. அது எப்படி இறங்குகிறது என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும். 'பெடல் சொஃப்ட்' என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் நாலைந்து வெவ்வேறு வருத்தம். ஒவ்வொன்றும் காலுக்கு வேறு மாதிரித் தெரியும்.

கொழும்பில் இதை எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. 2020இல் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. வருடாந்த லைசன்ஸ் எடுக்கப் புகைப் பரிசோதனை கேட்கிறார்கள். நம்முடைய காரின் பிரேக் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நாம்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஒன்று. பெடல் தரைவரை போகிறது, அல்லது பிரேக் ஒயில் டேங்கில் அளவு குறைந்துகொண்டே போகிறது என்றால் காரை ஓட்டாதீர்கள். மெதுவாக ஓட்டி கராஜ் வரைக்கும் போகலாம் என்ற எண்ணமும் வேண்டாம். டோ பண்ணி எடுங்கள்.

எதையும் கழற்றுவதற்கு முன், மூன்று நிமிடம்

கார் சமதரையில் நிற்கட்டும், எஞ்சின் ஓஃப். பெடலை நாலைந்து தரம் அமத்தி விடுங்கள். காலின் பலத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டரில் மிச்சமிருந்த வெற்றிடம் போய், பெடல் இறுகி நிற்கும். அந்த நிலையில் காலை மிதமாக வைத்துப் பாருங்கள். கல்லில் மிதிப்பது போல இருக்கிறதா, ரப்பரில் மிதிப்பது போல இருக்கிறதா? அப்படியே ஒரு நிமிடம் வைத்திருந்தால் இறங்குகிறதா? பிறகு காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் கொஞ்சம் இறங்கி நிற்கும். அது பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம், பழுது அல்ல. இதைப் பார்த்துப் பயந்து நல்ல மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் பொனட்டைத் திறந்து ஒயிலைப் பாருங்கள். புது பிரேக் ஒயில் வெளிறிய தேன் நிறத்தில் இருக்கும். பிளேன் டீ நிறத்துக்கு வந்துவிட்டால் மாற்றும் காலம் தாண்டிவிட்டது. டேங்க் மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிப்போய், திரும்ப உட்கார மறுக்கிறதா? அப்படியென்றால் யாரோ எஞ்சின் ஒயிலையோ பவர் ஸ்டியரிங் ஒயிலையோ ஊற்றியிருக்கிறார்கள். கனிம எண்ணெய் பிரேக் ரப்பர்களை ஊத வைக்கும். அந்த நிலையில் கீழே சொல்லும் எதுவும் உதவாது. மாஸ்டர், கலிப்பர் (பிரேக் கட்டையான பேட்டைச் சுழலும் தட்டான டிஸ்க்கோடு அழுத்தும் பகுதி) சீல்கள், ஹோஸ்கள் என்று ஒயில் பட்ட ரப்பர் எல்லாவற்றையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

பெடல் பஞ்சு போல. இரண்டு மூன்று தரம் வேகமாக அடித்தால் மேலே ஏறுகிறது

இதுதான் காற்று. ஒயில் சுருங்காது, காற்று சுருங்கும். எவ்வளவு காற்று இருந்தால் எவ்வளவு பெடல் போகும் என்று ஒருதரம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாஸ்டரின் உள்விட்டம் 22 மி.மீ., பெடலின் நெம்பு விகிதம் 4 (கால் 4 மி.மீ. போனால் பிஸ்டன் 1 மி.மீ. நகரும்) என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 1 மில்லிலீட்டர் காற்று இருந்தால் அதை நசுக்கவே மாஸ்டர் பிஸ்டன் இரண்டரை மி.மீ. அளவு நகர வேண்டும். காலடியில் அது ஏறக்குறைய 10 மி.மீ. ஆகிறது. ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு காற்று, பெடலில் ஒரு விரல் அகலம்.

கேட்க வேண்டிய கேள்வி: கடைசியாக யார், எதைக் கழற்றினார்கள்? காற்று தானாக உள்ளே போவதில்லை. ஹோஸ் மாற்றியிருப்பார்கள், கலிப்பர் மாற்றியிருப்பார்கள், அல்லது ஒயிலைக் குறைய விட்டிருப்பார்கள்.

என்னுடைய காரில் நடந்தது இதுதான். இரண்டு தரம் எயார் எடுத்தும் பஞ்சு போகவில்லை. மூன்றாவது தரம் நானே முன் டயர் இரண்டையும் கழற்றி, கீழே உட்கார்ந்து பார்த்தேன். காற்றை வெளியே விடத் திறக்கும் எயார் நிப்பிளைத் தேடிக் கண் மேலே போனது. அங்கே இல்லை. கலிப்பரின் அடியில், கிட்டத்தட்ட தரையைப் பார்த்தபடி இருந்தது. மற்றப் பக்கமும் அப்படியே. எனக்கு முந்தி வைத்திருந்தவருடைய காலத்தில் எங்கோ ஒரு கராஜில் பழைய கலிப்பர் வாங்கிப் பூட்டும்போது இடதை வலதிலும் வலதை இடதிலும் பூட்டியிருக்கிறார்கள். போல்ட் எல்லாம் சரியாகப் பொருந்தும், கார் ஓடும், பிரேக்கும் பிடிக்கும். ஆனால் காற்று எப்போதும் மேலேதான் நிற்கும். நிப்பிள் கீழே இருந்தால் ஒயில் வருமே தவிர, மேலே தங்கிய குமிழி எத்தனை போத்தல் ஊற்றினாலும் வராது.

அன்றைக்கு ஹோஸைக் கழற்றாமலே கலிப்பரை மட்டும் பிராக்கெட்டிலிருந்து எடுத்து, பிஸ்டன் வெளியே வராமல் நடுவில் ஒரு மரத்துண்டை வைத்து, நிப்பிள் மேலே வரும்படி திருப்பிப் பிடித்தேன். தங்கச்சி பெடலை அமத்தினாள். தெளிவான டியூபுக்குள் சோடா திறந்ததுபோல் குமிழி வரிசையாக ஏறியது. அந்த வெள்ளைக் கோடு முடிந்து தனி ஒயில் வரத் தொடங்கியபோது எனக்கு வந்த நிம்மதி பெரிது. அடுத்த நாளே இரண்டையும் பக்கம் மாற்றி, ஹோஸைக் கலிப்பரில் பூட்டும் பான்ஜோ போல்ட்டின் இரண்டு பக்கமும் புதுச் செப்பு வாஷர் போட்டுச் சரியாகப் பூட்டினேன். பழைய செப்பு வாஷர் ஒருதரம் நசுங்கிய பிறகு திரும்ப ஒழுங்காக அடைக்காது. வாஷருக்குச் சில்லறைக் காசுதான் போகும்.

ஆகவே எயார் எடுப்பதற்கு முன் நான்கு நிப்பிளும் மேலே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

எயார் எடுக்கும் விதம்

நல்ல ஸ்டாண்டில் கார் நிற்க வேண்டும். ஜாக்கில் மட்டும் தொங்கும் காருக்குக் கீழே கை வைக்கக் கூடாது. மூடி உடைக்காத டொட் 4 தரப் பிரேக் ஒயில் ஒரு லீட்டர், ஒரு மீட்டர் தெளிவான டியூப், ஒரு போத்தல், நிப்பிளுக்குச் சரியான ரிங் ஸ்பானர். திறந்து வைத்த பழைய போத்தல் வேண்டவே வேண்டாம். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், கொழும்புக் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை.

பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள். இதைப் பலர் செய்வதில்லை, நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். வழமையான ஓட்டத்தில் மாஸ்டர் பிஸ்டன் சிலிண்டரின் ஒரு பகுதியில் மட்டுமே போய்வருகிறது. அதற்கு அப்பால் உள்ள சுவரில் வருடக்கணக்கில் துருவும் கசடும் படிந்திருக்கும். எயார் எடுக்கும்போது பெடலைத் தரைவரை அடித்தால் ரப்பர் சீல் அந்தக் கரடுமுரடில் போய் உராய்ந்து கிழியும். வரும்போது நன்றாக இருந்த மாஸ்டர், எயார் எடுத்த மறுநாள் ஒழுகத் தொடங்குவது இப்படித்தான்.

மாஸ்டரிலிருந்து தூரத்தில் உள்ள டயரில் தொடங்குவது பொதுவான முறை. வலப்பக்க ஸ்டியரிங் காரில் அது பெரும்பாலும் பின் இடது. ஆனால் ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது டயர் உறைந்து சறுக்காமல் காக்கும் அமைப்பு) உள்ள சில கார்களுக்கு வரிசை வேறு. உங்கள் காரின் மனுவலில் உள்ளதுதான் இறுதி. எங்கள் வீட்டில் மூன்று சொல்லில் வேலை நடக்கும். "அமத்து" என்றால் தங்கச்சி மெதுவாக அமத்துவாள். நான் நிப்பிளைக் கால்வாசி திறப்பேன், பெடல் இறங்கும். "பிடி" என்றால் கட்டையில் முட்டியபடி அப்படியே வைத்திருப்பாள், நான் மூடுவேன். மூடிய பிறகுதான் "விடு". இந்த ஒழுங்கு ஒருதரம் பிசகினாலும் காற்று திரும்ப உள்ளே போகும். ஐந்தாறு தரத்துக்கு ஒருதரம் டேங்கைப் பாருங்கள், பாதிக்குக் கீழே விடாதீர்கள். நிப்பிளை இறுக்க மணிக்கட்டுப் பலம் போதும். மரீன் டிரைவ் பக்கம் கடற்காற்றில் நிற்கும் கார்களில் நிப்பிள் துருவேறி முறியும். முதல்நாளே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள். பெயின்டில் ஒயில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரியும்.

எல்லாம் சரியாகச் செய்தும் பஞ்சு போகவில்லை, அத்தோடு டேங்க் ஒருதரம் முழுக்க வற்றியிருந்தது என்றால் ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று மாட்டியிருக்கலாம். அதன் வால்வுகளையும் பம்பையும் ஸ்கேனரால் இயக்கி எடுக்க வேண்டும். அந்த ஸ்கேனர் உள்ள இடத்தைத் தேடிப் போவதுதான் வழி.

கால் வைத்திருக்க வைத்திருக்க மெல்ல இறங்குகிறது

சிக்னலில் நிற்கும்போதுதான் இது தெரியும். பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விழுந்து ஒரு நிமிடம் நிற்கிறீர்கள், பெடல் லிஃப்ட் மாதிரி மெதுவாகக் கீழே போகிறது. ஒயில் எங்கோ வழி கண்டுபிடித்துவிட்டது.

முதலில் வெளியே ஒழுகுகிறதா என்று பாருங்கள். நான்கு டயரின் உள்பக்கம், ஹோஸ் முடியும் இடங்கள், பின்னால் டிரம் உள்ள கார் என்றால் டிரம்முக்குள் வீல் சிலிண்டர். எங்கும் ஈரமில்லை, ஆனால் டேங்கில் குறைகிறது என்றால் மாஸ்டரும் பூஸ்டரும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே பெயின்ட் பொங்கி உரிந்திருந்தால் மாஸ்டரின் பின் சீல் ஒழுகி ஒயில் பூஸ்டருக்குள் இறங்குகிறது.

எங்கும் ஒழுகவில்லை, டேங்கிலும் குறையவில்லை, ஆனாலும் இறங்குகிறது என்றால் மாஸ்டருக்கு உள்ளேயே ஒயில் சீலைத் தாண்டிப் போகிறது. இதைச் சோதிக்கும்போது பலர் முழுப்பலத்தோடு மிதிக்கிறார்கள். அமுக்கம் கூடினால் சீலின் விளிம்பு சுவரோடு இன்னும் இறுக்கமாக ஒட்டி, பழுது மறைந்துவிடும். சிக்னலில் காலை வைப்பதுபோல் லேசாக வைத்துப் பாருங்கள். அப்போதுதான் இறங்கும். அரிதாக ஏபிஎஸ் வால்வு ஒன்று சரியாக மூடாவிட்டாலும் இதே மாதிரித் தெரியும்.

மாஸ்டர் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போனேன், நண்பன் ஒருவனின் காருக்காக. பழசு எடுத்தால் மலிவாக முடியுமே என்று கேட்டேன். கடை நானா எடுத்துக் காட்டவே இல்லை. "கதவு வேணும்னா பழசு தாரன், கண்ணாடி வேணும்னா தாரன். மாஸ்டர் மட்டும் புதுசு வாங்குங்க தம்பி" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. கழற்றி ராக்கையில் மாதக்கணக்கில் காய்ந்த சிலிண்டருக்குள் துரு பிடித்திருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. புது மாஸ்டரைக் காரில் பூட்டுவதற்கு முன் வைஸில் பிடித்து, ஒயில் ஊற்றி, பிஸ்டனை மெதுவாகத் தள்ளிக் குமிழி நிற்கும்வரை காற்றெடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தவிர்த்தால் காரில் அரை நாள் போகும்.

தூரம் இறங்குகிறது, ஆனால் பிடித்த பிறகு கல் மாதிரி இருக்கிறது

இங்கே காற்று இல்லை. பேட் டிஸ்க்கைத் தொடவே அதிக தூரம் போக வேண்டியிருக்கிறது. எயார் எடுத்துப் பணத்தை விடாதீர்கள்.

பின்பக்கக் கலிப்பரிலேயே ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்துள்ள கார்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஹேண்ட் பிரேக் கேபிள். பேட் தேயத் தேயத் தூரத்தை ஈடுகட்டும் பொறி கலிப்பருக்குள் இருக்கிறது. கலிப்பரின் பின்னால் உள்ள சின்ன லீவர் முழுதாகத் தளர்ந்து தன் இடத்தில் உட்கார்ந்தால்தான் அது வேலை செய்யும். நம்மூர் தொடர்மாடிகளின் சரிவான பார்க்கிங்கில் ஹேண்ட் பிரேக் நிற்கவில்லை என்று சொன்னால் கேபிளை இறுக்கித் தந்துவிடுவார்கள். லீவர் பாதி இழுத்தபடியே நிற்கும், பொறி உறங்கிவிடும், பெடல் நாளுக்கு நாள் நீளும். கேபிளை முழுக்கத் தளர்த்துங்கள். லீவர் இரண்டும் அதன் தடுப்பில் முட்டுகின்றனவா என்று பாருங்கள். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பெடலை இருபது முப்பது தரம் நிதானமாக அமத்துங்கள். பெடல் மேலே ஏறி நின்ற பிறகு, கடைசியாகக் கேபிளை அளவாக இறுக்குங்கள்.

அடுத்தது ஹாட் ஹேட்ச்சுக்கே உரிய ஒன்று. முன்பு வைத்திருந்தவர் பெரிய கலிப்பர் போட்டிருக்கிறாரா? பிஸ்டன் பரப்பு கூடி, மாஸ்டர் பழசாகவே இருந்தால் அதை நிரப்ப அதிக ஒயில் தள்ள வேண்டும், பெடல் தூரம் கூடும். இது பழுதல்ல, பொருத்தப் பிழை. சரியான அளவு மாஸ்டர் போட வேண்டும், அல்லது கொம்பனிக் கலிப்பருக்குத் திரும்ப வேண்டும். கொம்பனிக் கலிப்பருக்கே திரும்புங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மூன்றாவது, வளைவில் திரும்பிய பிறகோ குழியில் விழுந்த பிறகோ அடிக்கும் முதல் பிரேக் மட்டும் ஆழமாகப் போகிறது, இரண்டாவது சரியாக இருக்கிறது. வீல் பெயரிங் ஆடினாலோ டிஸ்க் நெளிந்திருந்தாலோ அது பேட்டைத் தட்டிப் பின்னே தள்ளும். 51 மி.மீ. பிஸ்டன் அரை மி.மீ. பின்னே போனாலே 1 மில்லிலீட்டர் இடம் காலியாகிறது, மேலே சொன்ன காற்றின் அதே கணக்கு. டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பிரேக்கை விட்டுவிட்டு பெயரிங்கைப் பாருங்கள்.

காலையில் சரி, மலை இறங்கும்போது போகிறது

நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாகவோ, கண்டியிலிருந்து கடுகண்ணாவை வழியாகவோ இறங்கும்போது பாதி வழியில் பெடல் இளகி, அடிவாரத்தில் அரை மணி நேரம் நின்றால் திரும்பச் சரியாகிறதா? ஒயில் கொதித்திருக்கிறது. புது டொட் 4 ஒயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். 3.7 சதவீதம் அளவு தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155க்கு இறங்குகிறது. டொட் 3இல் இது 205, 140. தண்ணீர் ஆவியாகிக் குமிழி விட்டால் குழாயில் காற்றிருப்பதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

மருந்து, ஒயில் முழுவதையும் மாற்றுவது. நான் இரண்டு வருடத்துக்கு ஒருதரம் மாற்றுகிறேன். டொட் 5 என்று எழுதியது சிலிக்கன் வகை, நம்முடைய ஒயிலோடு சேராது. 5.1 என்றால் சேரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இறக்கத்தில் இரண்டாம் கியரில் எஞ்சினைப் பிடிக்க விடுங்கள். கால் பெடலில் ஒட்டியபடி இறங்கினால் எந்த ஒயிலும் தாங்காது.

இதே இடத்தில் பெடல் கெட்டியாகவே இருந்து, பிடிமானம் மட்டும் குறைந்தால் அது பேட் சூடு. ஒயிலைக் குற்றம் சொல்லாதீர்கள்.

எதிலும் சேராத லேசான மென்மை

பழைய ரப்பர் ஹோஸ் அமுக்கத்தில் ஊதும். ஒருவரைப் பெடலை அமத்தச் சொல்லி ஹோஸை விரலால் பிடித்தால் தெரியும். கலிப்பர் நகர்ந்து கொடுக்கும் ஸ்லைட் பின் காய்ந்து இறுகினாலும் கலிப்பர் நெளிந்து பெடல் ரப்பர் மாதிரி இருக்கும். பேட்டைக் கழற்றினால் ஒரு ஓரம் தடிப்பாகவும் மறு ஓரம் மெல்லியதாகவும் தேய்ந்திருப்பதே சாட்சி. பின்னைச் சுத்தப்படுத்தி, அதற்கென்று விற்கும் சிலிக்கன் கிரீஸ் போடுங்கள். புது பேட்டைக் கோடு விழுந்த பழைய டிஸ்க்கில் போட்டிருந்தால், இரண்டும் ஒன்றோடொன்று படியும்வரை சில நூறு கிலோமீட்டர் பெடல் மென்மையாகத்தான் இருக்கும்.

எந்த டயர் என்று பிடிபடவில்லையென்றால் ஹோஸ் கிளாம்ப் நான்கு வாங்கி, ரப்பர் ஹோஸ் நான்கையும் மெதுவாக நெரித்து மூடுங்கள். பெடல் கல் மாதிரி உயரத்தில் நின்றால் மாஸ்டரும் ஏபிஎஸ்ஸும் சுத்தம். ஒவ்வொன்றாகத் திறந்து வாருங்கள். எதைத் திறக்கும்போது பெடல் விழுகிறதோ அந்த டயரில்தான் வேலை. நான்கையும் மூடியும் பஞ்சாக இருந்தால் மாஸ்டரையும் ஏபிஎஸ்ஸையும் பாருங்கள். ஸ்டீல் பின்னிய ஹோஸில் இந்தக் கிளாம்பைப் போடக் கூடாது, உள்குழாய் முறிந்துவிடும். வெடிப்பு விட்ட ரப்பர் ஹோஸ் என்றால் கிளாம்ப் போடாமல் நேராக மாற்றிவிடுங்கள்.

வேலை முடிந்த பிறகு

வீதிக்கு ஏறுமுன் நின்ற இடத்திலேயே பெடலை அமத்தி ஒரு நிமிடம் வைத்திருங்கள். பிறகு பார்க்கிங்கில் நடை வேகத்தில் நான்கைந்து தரம் நிறுத்திப் பாருங்கள், முதலாவது தரம் ஹேண்ட் பிரேக்கில் கை இருக்கட்டும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு மரீன் டிரைவ் வெறுமையாக இருக்கும், நான் அப்போதுதான் கொண்டு போனேன். திரும்பி வந்து டேங்கில் ஒயில் நிற்கும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். மறுநாள் காலை பாருங்கள், ஒரு வாரம் கழித்தும் பாருங்கள். என்னுடைய காரில் அந்த டேப் இன்னும் இருக்கிறது, ஒயிலும் அதே கோட்டில் நிற்கிறது.